எலக்ட்ரிக் கிட்டார் கோளாறு: எந்த அறிகுறிக்கு எங்க கை வைக்கணும்

மொதல்லயே சொல்லிடறேன், நான் கிட்டார் மெக்கானிக் கிடையாது. மன்னார்குடி பக்கம் மெல்லிசைக் குழுவுல வாசிக்கிற ஆளு, ஆடி மாசம் அம்மன் கோயில் கச்சேரி, கல்யாண ரிசப்ஷன்னு போயிட்டு மத்த நாள்ல எலக்ட்ரிக்கல் கடையில உக்காந்திருப்பேன். கிட்டார்ல ஏதாவது ஒண்ணுன்னா திருச்சிக்கோ சென்னைக்கோ தூக்கிட்டு ஓடணும், அங்க போனா வச்சிட்டுப் போங்க ரெண்டு வாரம் ஆகும்பாங்க, அந்த ரெண்டு வாரத்துல நமக்கு மூணு கச்சேரி இருக்கும். அப்படித்தான் நானே திருப்புளிய எடுத்தேன். கெடுத்துக் கெடுத்துக் கத்துக்கிட்டதுதான் கீழ இருக்கிறது பூரா.

நெறைய கத்துக்கொடுத்தது கஜா புயல். 2018 நவம்பர் 16 விடியக்காலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரையேறுச்சுல்ல, அன்னிக்கு எங்க வீட்டுப் பின்கட்டு ஓடு பாதி பறந்துபோச்சு. தென்னை விழுந்துச்சு, மாடு கட்டுற கொட்டகை போச்சு, அதெல்லாம் பாத்துட்டு மறுநாள் சாயந்தரம்தான் கட்டில் மேல கிட்டார் இருந்த ஞாபகமே வந்துச்சு. டெலிகாஸ்டர் மாடல் காப்பி, பெரிய விலை இல்ல, ஆனா என் மொத கிட்டார். பைய தொறந்தா உள்ள தண்ணி தேங்கி நிக்குது. கரண்டு வர பல நாள் ஆச்சு, மெழுகுவத்தி வெளிச்சத்துலதான் கழட்டினேன்.

கழட்டுறதுக்கு முன்னாடி ரெண்டே வேலை. ஒயர் எது எங்க போகுதுன்னு போன்ல நாலு பக்கமும் போட்டோ எடுங்க. ஸ்க்ரூவுக்கு கடையில கேட்டு ஒரு முட்டை ட்ரே வாங்கி வச்சுக்குங்க, ஒவ்வொரு குழியில ஒவ்வொரு இடத்து ஸ்க்ரூ, இல்லன்னா நெக் (விரல் வச்சு வாசிக்கிற நீளக் கழுத்து) ஸ்க்ரூவ பிரிட்ஜ்ல (பாடியில கம்பி வந்து நிக்கிற உலோகத் தகடு) போட்டு முறுக்கி மரத்த பொளந்துடுவீங்க. இன்னொண்ணு, நம்ம பசங்க நிறைய பேரு நேரா பெயிண்ட்ல ஆரம்பிச்சுடறாங்க. தப்பு. மொதல்ல ஒயரு, அப்பறம் நெக்கு கம்பி, அப்பறம் மரத்துல உடைசல், பெயிண்டு கடைசி. சத்தமே வராத கிட்டாருக்கு பளபளன்னு பெயிண்ட் அடிச்சு என்ன பண்றது, சுவத்துல மாட்டலாம்.

தண்ணியில நனைஞ்சு போச்சு

வெயில்ல வைக்காதீங்க, இதுதான் எல்லாரும் பண்ற மொத தப்பு. மேல் பக்கம் சீக்கிரம் காஞ்சு உள்ள ஈரம் அப்படியே இருக்கும், நெக்கு முறுக்கிக்கும், பாலிஷ் கொப்பளிக்கும். எங்க பாட்டி அரிசிக்குள்ள பொதைச்சு வைடா, பத்தாயத்துல இடம் இருக்குன்னாங்க. செல்போனுக்கு சொல்றத யாரோ சொல்லிக் கேட்டிருக்காங்க. பாட்டி மனசு நோகக்கூடாதுன்னு சரின்னேன், வைக்கல. அரிசித் தவிடு வால்யூம் கண்ட்ரோலுக்குள்ள போனா அத வெளிய எடுக்க இன்னொரு ஜென்மம் வேணும்.

கம்பிய எல்லாம் தளர்த்திக் கழட்டிடுங்க. கம்பி இழுவிசை போயிட்டதால நெக்குக்குள்ள இருக்கிற ட்ரஸ் ராடையும் (நெக்கு வளைவ சரி பண்ற இரும்புக் கம்பி) கால் கால் சுத்தா அரைச் சுத்து தளர்த்தி விடுங்க, இல்லன்னா நெக்க அது மட்டும் பின்னாடி வளைச்சுட்டே இருக்கும். பின்னாடி நாலு ஸ்க்ரூ இருக்கிற மாடல்னா நெக்க தனியா எடுத்துடுங்க. பிக்கப்பு (கம்பிக்கு அடியில இருக்கிற காந்தச் சுருள், அதிர்வ சிக்னலா மாத்துறது), கண்ட்ரோல் ப்ளேட்டு எல்லாத்தையும் வெளிய எடுத்துட்டு பாடிய நிழல்ல, ஃபேன் காத்து படுற மாதிரி, ரெண்டு செங்கல் மேல குறுக்குக் கட்டை போட்டு வச்சிருங்க. ரெண்டு பக்கமும் காத்து போகணும்.

காஞ்சுருச்சான்னு எப்படித் தெரியும்? தொட்டுப் பாத்துத் தெரியாது. நான் மூணு நாளைக்கு ஒரு தடவ பக்கத்து மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசுல பாடிய வச்சு எடை பாத்து, கடைக்காரர் சீனி கட்டுற பேப்பர்லயே எழுதி வச்சேன். என்னா மாப்ள, கிட்டார எடைக்கு போடப் போறியான்னு தெருவே சிரிச்சுச்சு. மொத நாளைக்கும் பதினெட்டாம் நாளைக்கும் கிட்டத்தட்ட கால் கிலோ வித்தியாசம். அடுத்தடுத்து ரெண்டு தடவ ஒரே எடை காட்டினா காஞ்சுருச்சுன்னு அர்த்தம், அதுக்கு முன்னாடி உப்புத்தாள், பெயிண்ட்னு எதையும் தொடாதீங்க.

பிக்கப்ப ரொம்ப ஜாக்கிரதையா கையாளணும். உள்ள சுத்தியிருக்கிற கம்பி பெரும்பாலும் 42 கேஜ், அதாவது 0.06 மில்லிமீட்டர் சொச்சம், தலைமயிர் கனம்தான் இருக்கும், நகம் பட்டாலே அறுந்துடும். துணி வச்சு ஒத்தி எடுக்கலாம், தேய்க்கக் கூடாது, ஹேர் ட்ரையர் சூடு வேண்டவே வேண்டாம், உள்ள மெழுகு ஊத்தியிருந்தா உருகிடும்.

சத்தமே வரல

கேபிள மாத்திப் பாருங்க. சிரிக்காதீங்க, எங்கிட்ட வந்த செத்த கிட்டார்ல பாதி கேபிள் கோளாறுதான். உள்ள 9 வோல்ட் பேட்டரி போடுற ஆக்டிவ் மாடல்னா பேட்டரியப் பாருங்க, அந்த வகையில கேபிள சொருகியே வச்சிருந்தா வாசிக்காதப்பவும் பேட்டரி தீர்ந்துக்கிட்டே இருக்கும்.

அப்பறம் மல்டிமீட்டர். கிட்டார தொறக்கவே வேணாம், கேபிள கிட்டார்ல சொருகி, இன்னொரு முனையில நுனிக்கும் அடி உலோகத்துக்கும் நடுவுல ஓம்ஸ் வச்சுப் பாருங்க, வால்யூம் முழுசா தொறந்திருக்கணும். சிங்கிள் காயிலா (ஒத்தைச் சுருள் பிக்கப்) இருந்தா 5லேர்ந்து 7 கிலோ ஓம் சுமாரா காட்டும், ஹம்பக்கர்னா (ரெட்டைச் சுருள்) 7, 8க்கு மேல. அப்படிக் காட்டினா கிட்டார் நல்லாருக்கு, கோளாறு ஆம்ப்ல (ஆம்ப்ளிஃபையர்). சைபர்னா சூடு ஒயரு (சிக்னல் போற ஒயரு) எங்கயோ எர்த்த தொட்டுட்டு நிக்குது. மீட்டர் OLனு நின்னாலோ, நூத்துக்கணக்குல கிலோ ஓம் காட்டினாலோ எங்கயோ அறுந்திருக்கு. ஸ்விட்ச மாத்தி மாத்தி ஒவ்வொரு பிக்கப்பா அளந்தீங்கன்னா எந்தப் பக்கம்னு தெரிஞ்சிடும், ஒரு நிமிஷம்தான் ஆகும்.

அறுந்த இடம் பத்துக்கு எட்டு ஜாக்குதான். வெளிப்பக்க நட்டு லூசாகும், நாம வெளிய இருந்தே பிடிச்சு முறுக்குவோம், உள்ள ஜாக்கும் சேந்து சுத்தும், ரெண்டு சுத்துல ஒயர் பிய்ஞ்சுடும். ப்ளேட்ட கழட்டி உள்ள இருந்து ஜாக்க ஒரு கையால பிடிச்சுக்கிட்டு வெளிய முறுக்குங்க, பல்லு வாஷர் ஒண்ணு போடுங்க, திரும்ப சுத்தாது. கேபிள் நுனிய தொடுற நீட்டு நாக்குல சூடு ஒயரு, நடு வளையத்துல எர்த்து.

ஈயம் வைக்கிறது பத்தி கொஞ்சம். ஜாக்குக்கும் ஸ்விட்சுக்கும் 25 வாட்ஸ் சால்டரிங் அயன் போதும், ஆனா பாட்டோட (பாட்னா வால்யூம், டோன் திருப்புற கண்ட்ரோல்) முதுகுல எர்த் ஒயரு பத்த வைக்கணும்னா அது பெரிய தகரம், சூட்ட குடிச்சுடும், 60 வாட்ஸாவது வேணும். முதுக உப்புத்தாள்ல சுரண்டிட்டு வைங்க. நல்லா பிடிச்ச ஈயம் பளபளன்னு சரிவா எறங்கியிருக்கும். பிடிக்காதது வாழை இலையில தண்ணி நிக்கிற மாதிரி உருண்டு நிக்கும், பாக்க மங்கலா இருக்கும், தட்டினா கழண்டு வரும். முடிச்சதும் கைய கழுவிட்டு சாப்பிடுங்க, ஈயம் ஈயம்தான்.

வால்யூம் திருப்பினா கரகரங்குது

எங்க ஊரு ஈரத்துக்கும் தூசிக்கும் இது வருஷா வருஷம் வரும். பாட்டோட காலுங்க பக்கத்துல ஒரு சின்ன சந்து இருக்கும், அது வழியா காண்டாக்ட் க்ளீனர் ஒரு அடி அடிச்சுட்டு முப்பது நாப்பது தடவ இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்புங்க. சைக்கிள் செயினுக்கு அடிக்கிற துரு ஸ்ப்ரேய அடிக்காதீங்க, எண்ணெய் பிசுக்கு நின்னு தூசிய கூட்டிட்டு வரும். போகலன்னா பாட்ட மாத்திடுங்க, சிங்கிள் காயிலுக்கு 250கே (கிலோ ஓம்), ஹம்பக்கருக்கு 500கே. ரேடியோ சாமான் கடையில கேக்கிறப்ப லாக் (log) டைப்னு சொல்லிக் கேளுங்க, லீனியர கொடுத்தாங்கன்னா சத்தம் ஒரே இடத்துல குபீர்னு ஏறும். பிக்கப் ஸ்விட்சு கரகரத்தாலும் இதே க்ளீனர்தான்.

ஊம்முனு எரைச்சல்

இதுல ஒரு சின்ன சோதனை போதும். ஆம்ப்ப போட்டுட்டு, வாசிக்காம, கம்பிய கையால தொடுங்க.

தொட்டதும் எரைச்சல் கொறஞ்சா எர்த் ஒயரிங் சரியா இருக்கு, வெளிய இருந்து வர்றதத்தான் கிட்டார் வாங்கிக்குது. நம்ம லைன் 50 ஹெர்ட்ஸ், அதுவும் அதோட மடங்கும்தான் நீங்க கேக்குற ஊம். பழைய ட்யூப்லைட் சோக்கு, ஃபேன் ரெகுலேட்டர், சார்ஜர் இதையெல்லாம் அணைச்சுப் பாருங்க. கிட்டார பிடிச்சுக்கிட்டு அப்படியே கால் வட்டம் திரும்பினா கொறையுதா? அப்ப சிங்கிள் காயிலோட சுபாவமும் சேந்திருக்கு. பாடி குழிக்குள்ள காப்பர் டேப் ஒட்டி எர்த்தோட சேத்தா ஓரளவு அடங்கும், முழுசா போகாது. சமையல் அலுமினியம் ஃபாயில் ஒட்டலாம்னு சொல்லுவாங்க, அதுல சாதாரண ஈயம் பிடிக்காது, காப்பரே போடுங்க.

தொட்டா ஒண்ணுமே மாறலன்னா பிரிட்ஜுக்குப் போற எர்த் ஒயரு அறுந்திருக்கு. தொட்டதும் எரைச்சல் அதிகமாச்சுன்னா ஜாக்குல ரெண்டு ஒயரும் மாறி இருக்கலாம்.

இப்ப முக்கியமான விஷயம். திருவிழா மேடையில ஜெனரேட்டர் ஓடும், எர்த்து எங்க புதைச்சாங்களோ புதைச்சாங்களான்னே தெரியாது, கைல கிட்டாரு, வாய் மைக்ல பட்டதும் ஒதட்டுல சுர்ருனு ஒரு அடி. சில பேரு இத சிரிச்சுக்கிட்டே சொல்றாங்க, சிரிக்கிற விஷயம் இல்ல, இதுல செத்தவங்க இருக்காங்க. மேடை ஏறினதும் டெஸ்டர எடுத்து கம்பில வச்சுப் பாருங்க, எரிஞ்சா வாசிக்காதீங்க. மல்டிமீட்டர ஏசி வோல்ட்டுல வச்சு மைக் தலைக்கும் கம்பிக்கும் நடுவுல பாத்தா இன்னும் நல்லது. வீட்டுலயும் மூணு பின் ப்ளக்க ரெண்டு பின்னுக்கு மாத்தி சொருகுற பழக்கத்த விடுங்க. எரைச்சல் போகுதேன்னு எர்த் பின்ன ஒடைக்கிற ஆளுங்கள பாத்திருக்கேன், கைய கூப்பிக் கேட்டுக்கறேன், வேணாம். வால்வு ஆம்ப்ப நீங்களா தொறக்காதீங்க, ப்ளக்க புடுங்கினாலும் உள்ள கெப்பாசிட்டர் சார்ஜோட நிக்கும்.

கம்பி ஜிர்ர்னு இழுக்குது

எங்க இழுக்குதுன்னு பாருங்க, அதுதான் விடை. எல்லா கம்பியும் மொத நாலஞ்சு ஃப்ரெட்டுல (நெக்குல குறுக்க அடிச்சிருக்கிற மெட்டு) இழுத்தா நெக்கு ரொம்ப நேராவோ பின்னாடி வளைஞ்சோ இருக்கு. பன்னெண்டுக்கு மேல இழுத்தா சேடில் (பிரிட்ஜ்ல கம்பி உக்கார்ற துண்டு) எறங்கியிருக்கு, இல்ல நெக்கு முன்னாடி ரொம்ப வளைஞ்சிருக்கு. ஒரே ஒரு எடத்துல மட்டும்னா அதுக்கு அடுத்த ஃப்ரெட்டு தூக்கிட்டு நிக்குது, பழைய ஏடிஎம் கார்டோட நேர் விளிம்ப மூணு ஃப்ரெட்டு மேல வச்சு ஆட்டினீங்கன்னா நடுவுல இருக்கிறது ஒசரம்னா டக்கு டக்குன்னு ஆடும். வெறும் கம்பி மட்டும் இழுத்து, ஃப்ரெட்ட அழுத்தினா சரியா இருந்தா நட்டுல (திருகுற நட்டு இல்ல, தலைப்பக்கம் கம்பி உக்கார்ற துண்டு) பள்ளம் ஆழமாயிடுச்சு.

நட்டுப் பள்ளத்துக்கு ஒரு அடுப்படி வைத்தியம் இருக்கு. ஆப்ப சோடாவ அந்தப் பள்ளத்துல ஒரு சிட்டிகை போட்டு சமமா தட்டிட்டு, சூப்பர் க்ளூ ஒரே ஒரு சொட்டு. விட்ட மாத்திரத்துல கல்லு மாதிரி இறுகிடும், லேசா சூடும் வரும், மூக்க பக்கத்துல வைக்காதீங்க. அப்பறம் கம்பி கனத்துக்கு மெல்லிசான அரம் வச்சு கொஞ்சம் கொஞ்சமா திரும்பப் பள்ளம் எடுக்கணும். கச்சேரிக்கு ரெண்டு நாள் இருக்கிறப்ப இது தெய்வம், நிரந்தரத்துக்கு எலும்பு நட்டு போட்டுக்குங்க.

நெக்கு வளைவ அளக்க: மொத ஃப்ரெட்டையும், நெக்கு பாடியில சேர்ற எடத்து ஃப்ரெட்டையும் ஒரே நேரத்துல அழுத்திக்கிட்டு ஏழாவது எட்டாவது ஃப்ரெட்டு மேல கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவுல எவ்வளவு சந்துன்னு பாக்கணும். 0.25 மில்லிமீட்டர் சுமாரா இருந்தா நல்லது, மெல்லிசான விசிட்டிங் கார்டு போற அளவு. அதிகம்னா ட்ரஸ் ராட வலப்பக்கம் முறுக்கணும், கம்மின்னா இடப்பக்கம். கால் சுத்துக்கு மேல ஒரே மூச்சுல திருப்பக்கூடாது, திருப்பிட்டு கம்பிய சுருதி கட்டி மறுபடி அளக்கணும். அலன் கீ சரியான சைஸ் வேணும், ஆசியாவுல செய்ற பல கிட்டாருக்கு 4 இல்ல 5 மில்லிமீட்டர் பொருந்தும், தொளதொளன்னு இருக்கிற கீய வச்சு திருகினா உள்ள மூலை மழுங்கிடும், அதுக்கு அப்பறம் நான் ஒண்ணும் சொல்றதுக்கு இல்ல. நம்ம பக்கம் அடைமழையில ஒரு வளைவு, கத்திரி வெயில்ல ஒரு வளைவு, அதனால வருஷத்துக்கு ரெண்டு தடவ அளக்கிறது என் பழக்கம். பன்னெண்டாவது ஃப்ரெட்டுல கம்பி உயரம் மெல்லிசு ஈ (E) கம்பிக்கு 1.6, தடிச்ச ஈ கம்பிக்கு 2 மில்லிமீட்டர்னு வச்சா பெரும்பாலும் ஒத்து வரும்.

வெறும் கம்பி சுருதி சரி, மேல போனா அபசுரம்

தஞ்சாவூர்ல வீணை பண்ற ஆசாரி ஒருத்தர்கிட்ட ஒரு தடவ இந்தக் கிட்டார காட்டினேன். பலா மரத்துல கொடையறவரு. வீணையில மேளம் கட்டுறதுன்னா தேன்மெழுகுல கரித்தூள் கலந்து அது மேல பித்தளை மெட்ட உக்கார வச்சு, காதுல கேட்டுக் கேட்டு நகத்தி, அழுத்தி நிறுத்துவாங்க. இருபத்துநாலு மெட்டும் அப்படி. இவரு என் கிட்டார திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "ஏந்தம்பி, இவன் மெட்ட மரத்துலயே அடிச்சுட்டானே, அப்பறம் சுருதி தப்பினா எதத்தான் நகத்துவ?"ன்னாரு. நல்ல கேள்வி. கிட்டார்ல மெட்டு நகராது, அதனால கம்பியோட இந்தக் கோடிய நகத்துறோம், அதான் பிரிட்ஜ் சேடில்.

பன்னெண்டாவது ஃப்ரெட்டு மேல தொட்டும் தொடாம விரல வச்சு மணி மாதிரி ஹார்மோனிக் ஒண்ணு எடுங்க, அப்பறம் அதே ஃப்ரெட்ட அழுத்தி வாசிங்க, ரெண்டும் ட்யூனர்ல ஒண்ணா காட்டணும். அழுத்தினது ஏறியிருந்தா சேடில பின்னாடி தள்ளுங்க, எறங்கியிருந்தா முன்னாடி. ஒவ்வொரு தடவையும் திரும்ப சுருதி கட்டிட்டுத்தான் பாக்கணும். பழைய துருப்பிடிச்ச கம்பிய வச்சுக்கிட்டு இந்த வேலை பண்ணாதீங்க, கம்பியே சமமா இருக்காது, சேடில் ஸ்க்ரூ தீர்ற வரைக்கும் தள்ளிக்கிட்டே இருப்பீங்க. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காத்துல கம்பி ரொம்ப நாள் தாங்காது, சேடில் ஸ்க்ரூவும் எறுகிடும், மெஷின் ஆயில் ஒரு சொட்டு விட்டு ஒரு ராத்திரி ஊற வச்சுட்டு அப்பறம் திருப்புங்க.

ட்யூன் பண்றப்ப டிங்குனு ஒரு சத்தத்தோட எகிறுதுன்னா கம்பி நட்டுல மாட்டிக்கிட்டு விடுது, பள்ளத்துல 2பி பென்சில் தேய்ச்சு விடுங்க, முடிஞ்சுது.

நெக் ஸ்க்ரூ பிடிக்கல, கிட்டார் தலை உடைஞ்சு போச்சு

ஓட்டை பெருசான ஸ்க்ரூவுக்கு பல்குத்துற குச்சியோ தேக்கு சிம்போ ஃபெவிகால்ல முக்கி ஓட்டையில நெறைய சொருகி, ஒரு நாள் காய விட்டு, மட்டமா வெட்டிட்டு சின்னதா ஓட்டை போட்டு ஸ்க்ரூ ஏத்துங்க. தீக்குச்சியும் போடலாம், மருந்த வெட்டிட்டு.

தலை உடையிறது பின்னாடி சாஞ்ச தலை உள்ள கிட்டார்லதான் அதிகம், சாஞ்சிருக்கிறதால நார் குறுக்கா வெட்டுப்பட்டு அங்க பலவீனம். ஒருத்தன் மேடையில தள்ளிவிட்டு உடைச்சு, பதறிப்போயி அங்கயே சூப்பர் க்ளூ ஊத்தி ஒட்டி எடுத்துட்டு வந்தான், வளைஞ்சு ஒட்டியிருந்துச்சு, அத பிரிக்க முடியாம பட்ட பாடு பெரும்பாடு. உடைஞ்சா ஒண்ணும் பண்ணாதீங்க, சிம்ப பிடுங்காதீங்க, கம்பிய மட்டும் தளர்த்திட்டு அப்படியே துணியில சுத்தி வைங்க. நார் நீளவாக்குல சுத்தமா பிளந்திருந்தா மரப் பசையே போதும். மொதல்ல பசை இல்லாம சேத்துப் பாருங்க, சரியா உக்காருதான்னு. அப்பறம் ஊசியில்லாத சிரிஞ்சால பசைய ஆழம் வரைக்கும் விட்டு, பழைய சைக்கிள் ட்யூப்ப ஒரு விரக்கட அகலத்துக்கு நாடாவா வெட்டி இழுத்து இழுத்து சுத்துங்க. கிளாம்ப் வழுக்குற அந்த வளைவுல ட்யூப் மாதிரி பிடிக்கிறது வேற இல்ல. வழியிற பசைய ஈரத் துணியால தொடச்சுடணும். இருபத்துநாலு மணி நேரம் தொடாதீங்க, கம்பி கட்ட மூணு நாளாவது போகட்டும். குட்டையா, குறுக்கா உடைஞ்சிருந்தா உள்ள மரத்துண்டு பதிச்சுத்தான் ஒட்டணும், அது நல்ல ஆசாரி கை.

பெயிண்ட்: சில்லு பேந்துருச்சு, கொப்பளம், உரியுது

மொதல்ல என்ன பாலிஷ்னு தெரியணும். நெக்கு உக்கார்ற குழிக்குள்ள, வெளிய தெரியாத எடத்துல, பஞ்சுல நெயில் பாலிஷ் ரிமூவர தொட்டு வைங்க. பிசுபிசுன்னு எளகினா நைட்ரோ லாக்கர், ஒண்ணும் ஆகலன்னா பாலியஸ்டர் இல்ல பாலியூரித்தேன். அந்த ரிமூவர ப்ளாஸ்டிக் மேல சிந்திடாதீங்க, பிக்கார்டு (பாடி முன்பக்கம் இருக்கிற ப்ளாஸ்டிக் தகடு) அப்படியே இளகிடும்.

சின்ன சில்லுக்கு முழு பெயிண்டும் தேவையில்ல. நிறத்துக்கு ஃபேன்சி ஸ்டோர்ல நெயில் பாலிஷ் பாருங்க, அதுவும் நைட்ரோசெல்லுலோஸ்தான், கிட்டாரோட நின்னு ஒவ்வொரு பாட்டிலா தொறந்து பாத்துக்கிட்டு இருந்தேன், கடைக்கார அக்கா பாத்த பார்வை இருக்கே. நிறம் காஞ்சதும் பாலி பாலிஷ்னா சூப்பர் க்ளூவ சொட்டு சொட்டா விட்டு, மட்டத்துக்கு மேல கொஞ்சம் ஏத்தி, ஒரு நாள் கழிச்சு ப்ளேடோட ரெண்டு ஓரத்துலயும் டேப் ஒட்டி நடுவுல மட்டும் வெட்டுற மாதிரி வச்சு சுரண்டுங்க, அப்பறம் 1000, 1500, 2000 வாட்டர் பேப்பர், கடைசில வண்டிக்குப் போடுற ரப்பிங் காம்பவுண்ட். நைட்ரோன்னா க்ளூவுக்குப் பதில் லாக்கரையே சொட்டு விடணும்.

என் கிட்டார்ல தண்ணி ஸ்க்ரூ ஓட்டை வழியா உள்ள போயி பாலிய அடியில இருந்து தூக்கி விட்டிருந்துச்சு, உள்ளங்கை அகலத்துக்கு அப்பளம் மாதிரி. அந்த அளவுக்கு போனா ஒட்டவச்சு பிரயோசனம் இல்ல, மொத்தமா எடுத்துட வேண்டியதுதான். ஹீட் கன்னு வச்சு சூடேத்தி சுரண்டி எடுத்தேன், வெட்டவெளியில, நல்ல மாஸ்க்கு போட்டு, பக்கத்துல வைக்கோல் இல்லாம பாத்துக்கிட்டு. அப்பறம் 120, 220, 320 உப்புத்தாள், நார் போற பக்கமே. ரெண்டு எடம் எச்சரிக்கை: நெக்கு உக்கார்ற குழிய தேய்க்காதீங்க, கொஞ்சம் பெருசானாலும் நெக்கு ஆடும். ஓரங்கள்ல கைய விட்டு தேய்ச்சா வளைஞ்சுபோயி சோப்புக் கட்டி மாதிரி ஆயிடும், கட்டையில சுத்தின தாள்ல தேய்ங்க. ப்ளைவுட் பாடின்னா மேல் ஏடு காகித கனம்தான் இருக்கும், ஓட்டை விழுந்துடும்.

நரசிங்கம்பேட்டையில நாகஸ்வரத்துக்கு பழைய வீட்டு ஆச்சா மரத்த தேடிப் பிடிச்சு வாங்குவாங்க, வருஷக்கணக்கா காஞ்ச மரம்தான் அசையாதுன்னு. அந்தப் பொறுமை எனக்கு இல்ல. கார்த்திகையிலேயே ஆரம்பிச்சேன்.

தச்சுக் கடையில கிடைக்கிற என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) சாண்டிங் சீலர் ரெண்டு மூணு கோட்டு, அப்பறம் நிறம், அப்பறம் கிளியர் லாக்கர் எட்டு பத்து மெல்லிசு கோட்டு, ஒரு நாளைக்கு மூணுக்கு மேல வேணாம். நான் அடிச்ச மொத கிளியர் கோட்டு பத்து நிமிஷத்துல பால் ஊத்துன மாதிரி வெள்ளையா பூத்துப்போச்சு. லாக்கர் கெட்டுப்போச்சுன்னு கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போயி, அவரு, "மழை பெய்யுதுல்ல தம்பி, அதான் பூக்குது"ன்னாரு. தின்னர் ஆவியாகறப்ப மேல்பரப்ப குளுத்திடும், காத்துல இருக்கிற ஈரம் அது மேல வந்து படியும், அதான் அந்த வெள்ளை. வெயில் அடிக்கிற ஒரு நாள் பாத்து, மெதுவா காயிற ரிட்டார்டர் தின்னர் மெல்லிசா ஒரு கோட்டு அடிச்சா திரும்ப எளகி பெரும்பாலும் தெளிஞ்சுடும்.

அதே வாரம் இன்னொரு சோதனை. சாயந்தரம் ட்யூப்லைட் போட்டு அடிச்சேன், சம்பா வயல்ல இருந்து பச்சை தத்துப்பூச்சி படையா வந்து லைட்ட சுத்திட்டு நேரா ஈர லாக்கர்ல உக்காருது. பதறி ஒண்ண புடுங்கினேன், பூச்சி வந்துச்சு, காலு ஆறும் அங்கயே நின்னுச்சு, சுத்தி வட்டமா கீறலும் விழுந்துச்சு. ஈரத்துல எடுக்காதீங்க, காய விட்டு 600ல தேய்ச்சு எடுங்க. நான் கவனிக்காம விட்ட ரெண்டு பூச்சி இன்னும் கிளியர் கோட்டுக்குள்ளயே இருக்கு, பசங்க கேட்டா டிசைனுன்னு சொல்றேன். ஆக, ஐப்பசி கார்த்திகை வேண்டாம். தை மாசம் அறுவடை மெஷின் ஓடுறப்ப பதரு தூசி பறக்கும், அதுவும் வேண்டாம். மாசி பங்குனி, காலைப் பனி போனதும் பதினோரு மணிலேர்ந்து நாலு மணிக்குள்ள, இதுதான் எங்க ஊருக்கு சரியான நேரம். தின்னர் வாடை இருக்கிற எடத்துல விளக்கு ஏத்தாதீங்க, சாமி விளக்கா இருந்தாலும், அது அப்படியே பத்திக்கும்.

ஹார்ட்னர் கலக்குற டூ-கே பெயிண்ட் நல்ல கெட்டி, ஆனா அதுல இருக்கிற ஐசோசயனேட் நுரையீரலுக்கு ஆகாது, துணி மாஸ்க்கெல்லாம் காணாது. அந்த பெயிண்ட்தான் வேணும்னா வண்டி பெயிண்ட் அடிக்கிற பட்டறையில நல்ல பூத் இருந்தா கொடுத்து அடிச்சு வாங்குங்க.

நைட்ரோ அடிச்சு முடிச்சதும் மூணு நாலு வாரம் சும்மா தொங்கட்டும். மூக்க வச்சுப் பாத்தா தின்னர் வாடை அடிக்கக்கூடாது. அப்பறம் 1000லேர்ந்து 2000 வரை சோப்புத் தண்ணி தொட்டு தேய்க்கணும், ஸ்க்ரூ ஓட்டைக்குள்ள தண்ணி இறங்கினா மரம் ஊதி சுத்தி வெடிப்பு விடும், அத முன்னாடியே மெழுகு வச்சு அடைச்சுடுங்க. பனியன் வேஸ்ட்ல காம்பவுண்ட் போட்டு தேய்ச்சா முகம் தெரியும். ஸ்டாண்டுல சாய்ச்சு வச்சா அந்த ரப்பர் நைட்ரோவ உருக்கி ஒட்டிக்கும், பழைய வேட்டித் துணிய சுத்தி வைங்க.

எல்லாம் மாட்டியாச்சு, இப்ப புதுசா கோளாறு

பெயிண்ட் அடிச்சு மாட்டினதும் சத்தம் வரலன்னா பெரும்பாலும் நீங்க ஒட்டின காப்பர் டேப்ப ஜாக்கோட நீட்டு நாக்கு தொடுது. கேபிள் சொருகினா அந்த நாக்கு வெளிப்பக்கம் தள்ளும், அதனால சொருகாதப்ப பாத்தா சரியாத்தான் இருக்கும். அங்க ரெண்டு சுத்து இன்சுலேஷன் டேப்.

எனக்கு வந்தது வேற. சத்தம் வந்துச்சு, ஊம்மும் வந்துச்சு, கம்பிய தொட்டாலும் மாறல. ஒரு மணி நேரம் எல்லா ஜாயிண்டையும் திரும்ப பத்த வச்சேன். டெலி மாடல்ல எர்த் ஒயரோட நுனி பிரிட்ஜ் ப்ளேட்டுக்கு அடியில சும்மா நசுங்கிக்கிட்டு இருக்கும், அவ்வளவுதான் அதோட இணைப்பு. பெயிண்ட் அடிக்கிறப்ப அத ஓட்டைக்குள்ளயே விட்டுட்டேன், நுனி மேல எட்டு கோட்டு லாக்கர் பளபளன்னு படிஞ்சிருக்கு. ப்ளேடால சுரண்டி செம்பு தெரிய வச்சு, ப்ளேட்ட திரும்ப முறுக்கி, கம்பில கை வச்சேன். ஊம் நின்னுச்சு.